உங்களுக்குத் தெரியுமா? ஒரே சொல், 645 பொருள்!

● ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள் கொண்ட சொல் எது? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்குப்படி, ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்த 'ரன்'தான் அது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். பெயர்ச்சொல்லாக வரும்போது உள்ள பொருள்கள் தனிக்கணக்கு. இந்த ஒரு பதிவைத் திருத்தி எழுதவே அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

● முன்பு முதலிடம் வேறொரு சொல்லுக்கு இருந்தது. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைதான் மிக நீளமான பதிவு. 430-க்கும் மேற்பட்ட பொருள்கள். சுமார் 60,000 சொற்கள். அதாவது, ஒரு சொல்லின் விளக்கமே ஒரு நடுத்தர நாவல் அளவுக்கு! பிறகு மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் 2000-இல் 'மேக்' முந்தியது. 2007-இல் 'புட்' முந்தியது. 2011-இல் இவை எல்லாவற்றையும் தாண்டிப் போனது 'ரன்'.

நான்குமே பொடிச் சொற்கள் என்பதைக் கவனியுங்கள். 'ஹைட்ரஜன்' எங்கே வந்தாலும் ஹைட்ரஜன்தான். நீளமான, கனமான சொற்களுக்குப் பெரும்பாலும் ஒரே வேலை. வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் நாள் முழுக்கப் புழங்கும் சின்னச் சொற்களின் தலையில்தான் புதுப்புதுப் பொருள்கள் ஏறுகின்றன. ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகளை நீளமான சொற்களைக் காட்டி மிரட்டுகிறோம். உண்மையில் நேரம் எடுத்துக் கற்க வேண்டியவை இந்த மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள்தாம்.

● 'ரன்' என்றதும் நமக்குக் கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அதன் வேரில் தண்ணீரும் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இருந்த 'ரின்னன்' என்ற வினைக்கு ஓடுவது, நீர் வழிந்து பாய்வது இரண்டும் பொருள். ஆங்கிலத்துக்கு உறவான ஜெர்மன் மொழியில் இன்றும் இரண்டு வினைகள் தனித்தனியே இருக்கின்றன: 'ரின்னன்' என்றால் வழிதல், 'ரெனன்' என்றால் காலால் ஓடுதல். உலகம் முழுக்கப் பார்க்கப்பட்ட 1998-ஆம் ஆண்டு ஜெர்மன் படமான 'ரன் லோலா ரன்'னின் மூலப் பெயர் 'லோலா ரென்ட்'. ஆங்கிலம் அந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டது.

இந்தத் தண்ணீரை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பொருள்கள் தாமாகவே விளங்கும். குழாயில் நீர் 'ரன்' ஆகிறது. மூக்கு 'ரன்' ஆகிறது. மெழுகு உருகி 'ரன்' ஆகிறது. சுவருக்கு அடித்த பெயின்ட் கெட்டியாக நிற்காமல் வழிந்தால் அதுவும் 'ரன்'. இரண்டு ஊர்களுக்கு நடுவே சாலை 'ரன்' ஆகிறது. சாலை எங்கும் போவதில்லை, ஆறு போல நீண்டு கிடக்கிறது. குடும்பத்தில் ஒரு குணம் தலைமுறை தலைமுறையாக வந்தால், அது ரத்தத்தில் 'ரன்' ஆகிறது.

● சீஸ் செய்வதற்காகப் பாலைத் திரிய வைக்கும் பொருளுக்கு 'ரென்னெட்' என்று பெயர். இதுவும் 'ரன்'னின் உறவுக்காரச் சொல்லே. பாலில் உள்ளவை ஓடிவந்து ஒன்றுசேர்ந்து கட்டியாகின்றன என்ற எண்ணத்தில் பிறந்தது.

● அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியில் சிற்றோடைக்கே 'ரன்' என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று அப்படி ஓர் ஓடையின் கரையில் நடந்தது. ஓடையின் பெயர் 'புல் ரன்'. வடதரப்பு சண்டைகளுக்குப் பக்கத்து நீர்நிலையின் பெயரையும், தென்தரப்பு பக்கத்து ஊரின் பெயரையும் வைப்பது வழக்கம். அதனால் அதே சண்டை தென்தரப்பின் வரலாற்றில் 'மனாசஸ்' என்ற ரயில் சந்திப்பின் பெயரால் அழைக்கப்படுகிறது. மறு ஆண்டே அதே இடத்தில் இரண்டாவது சண்டையும் நடந்தது.

● கிரிக்கெட்டில் ஒரு ரன் என்பது எத்தனை அடி? ஆடுகளத்தின் நீளம் 22 கஜம், அதாவது 66 அடி. ஆனால் ஸ்டம்ப்புக்கு நான்கு அடி முன்னால் உள்ள கோட்டைத் தாண்டினால் போதும் என்பதால், இரு முனையிலும் நான்கு நான்கு அடி கழிந்து மிச்சம் 58 அடி. பேஸ்பாலில் ஒரு ரன் எடுக்க வேண்டுமென்றால் 90 அடிக்கு ஒன்றாக நான்கு பக்கங்களையும் சுற்றி 360 அடி கடக்க வேண்டும். கிரிக்கெட் ரன்னைப் போல ஆறு மடங்குக்கும் மேல்! கிரிக்கெட்டில் 300 ரன் சாதாரணமாகவும், பேஸ்பாலில் ஐந்தாறு ரன்னே வெற்றிக்குப் போதுமானதாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிரிக்கெட்டில் எடுத்த எண்ணிக்கைக்கு ஆரம்ப காலத்தில் 'ரன்' என்ற பெயர் நிலைபெறவில்லை. 'நாட்ச்' என்றார்கள், அதாவது வெட்டுக்குறி. 18-ஆம் நூற்றாண்டில் கணக்கு வைப்பவர் ஒரு குச்சியும் கத்தியுமாக உட்கார்ந்து, மட்டையாளர்கள் ஓடி முடிக்கும் ஒவ்வொரு முறையும் குச்சியில் ஒரு வெட்டு வெட்டுவார்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தமிழ்ப் பத்திரிகையைப் புரட்டினால் 'ஓட்டங்கள்' என்று அழகாக எழுதியிருப்பார்கள். சென்னைப் பத்திரிகைகள் 'ரன்கள்' என்கின்றன. இலங்கைத் தமிழர்களின் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. 'நூறு ஓட்டங்கள்' என்று படிக்கும்போதே வெயிலில் ஓடிய கால்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

● 'ரன் அவுட்'டில் நெடுங்காலம் ஓர் இந்தியரின் பெயர் சற்று அநியாயமாகவே அடிபட்டது. 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்ட்டில், பந்து வீசுவதற்கு முன்பே கோட்டைவிட்டு வெளியேறிய ஆஸ்திரேலிய வீரர் பில் பிரவுனை வினு மன்கட் ரன் அவுட் செய்தார். அதே பயணத்தில் ஏற்கெனவே ஒரு பயிற்சி ஆட்டத்திலும் பிரவுன் அப்படி நகர்ந்து, எச்சரிக்கப்பட்டிருந்தார். இருந்தும் அந்த முறைக்கே 'மன்கடிங்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. விதிப்புத்தகத்திலும் அது முறையற்ற ஆட்டம் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. 2022 அக்டோபரில்தான் அதை அங்கிருந்து எடுத்து, 38-ஆம் விதியான சாதாரண ரன் அவுட்டுக்குள் சேர்த்தார்கள். 75 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நியாயம்.

● காயம்பட்ட மட்டையாளருக்காக ஓடுபவர் 'ரன்னர்'. 2011 அக்டோபர் முதல் சர்வதேச ஆட்டங்களில் ரன்னருக்கு அனுமதி இல்லை. மற்ற ஆட்டங்களில் விதி இன்னும் இடம் கொடுக்கிறது.

● கடையை 'ரன்' பண்ணுவது என்றால் கடையை நிர்வகிப்பது. தமிழில் முதலாளி கடையை 'நடத்துகிறார்', கடை 'ஓடுகிறது'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்'தான். இயந்திரம் வேலை செய்வதை பிரெஞ்சுக்காரர்கள் நடக்கிறது என்பார்கள். தமிழர்களும் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் ஓடுகிறது என்போம். ஒரே மிக்ஸி பாரீஸில் நடக்கிறது, பெரம்பூரில் ஓடுகிறது.

● ரயில்வேயில் 'ரன்னிங் ரூம்' என்று ஓர் இடம் உண்டு. அங்கே யாரும் ஓடுவதில்லை, தூங்குகிறார்கள். ரயிலை ஓட்டிச்செல்லும் லோகோ பைலட், உதவி லோகோ பைலட், கடைசிப் பெட்டியில் வரும் கார்டு (2022 முதல் இவருக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர்) ஆகியோருக்கு 'ரன்னிங் ஸ்டாஃப்' என்று பெயர். சொந்த ஊரில் வண்டியை எடுத்து, வேறோர் ஊரில் இன்னொரு குழுவிடம் ஒப்படைத்த பிறகு, திரும்பும் வண்டி வரும்வரை ஓய்வெடுக்கும் இடம்தான் ரன்னிங் ரூம். சமையல்காரர் உண்டு. எந்த நேரத்திலும் ஒருவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். இன்னொருவர் அப்போதுதான் வந்து படுத்திருப்பார். பகலிலும் தூங்குவதற்காக அறைகளை இருட்டாக வைத்திருப்பார்கள். ஓட்டிய தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட்டு இவர்களுக்குத் தரப்படும் படிக்கு 'ரன்னிங் அலவன்ஸ்' என்று பெயர்.

நாம் படுக்கை விரித்துக் கண்ணை மூடும் நேரத்தில்தான் இவர்களில் பலருக்கு வேலை தொடங்குகிறது. அந்த ஓய்வறையில் கிடைக்கும் ஆறேழு மணி நேரத் தூக்கத்தில் ஆயிரம் பயணிகளின் பத்திரம் இருக்கிறது. அகராதியின் 645 பொருள்களில் எதைவிட்டாலும் இதை விடக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

● வீடு கட்டும்போது கொத்தனாரோ கிரானைட் கடைக்காரரோ 'இது ஸ்கொயர் ஃபீட் இல்ல சார், ரன்னிங் ஃபீட்' என்பார். அகலத்தைக் கணக்கில் சேர்க்காமல் நீளத்தை மட்டும் அளப்பதுதான் ரன்னிங் ஃபீட். சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங், படிக்கட்டு ஓரத்தின் மோல்டிங், குழாய், கைப்பிடிக் கம்பி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். விலை பேசும்போது எந்த அடி என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டடி அகலமுள்ள சமையல் மேடைக்கு ரன்னிங் அடி விலையைச் சதுர அடி விலை என்று நினைத்துக் கணக்குப் போட்டால், மொத்தத் தொகை இரண்டு மடங்காகத் தெரியும்.

● வங்கி திவாலாகப் போகிறது என்று பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கக் குவிந்தால் அதற்கு 'பேங்க் ரன்' என்று பெயர். இதில் உள்ள கொடுமை என்னவென்றால், நன்றாக இருக்கும் வங்கியைக்கூட வதந்தி ஒன்றே கவிழ்த்துவிடும். நாம் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை; வீட்டுக் கடனாகவும் தொழில் கடனாகவும் நீண்ட காலத்துக்குக் கொடுத்துவிடுகிறது. எல்லோரும் இன்றே கேட்டால் எந்த வங்கியிடமும் இருக்காது. அது தெரிந்திருப்பதால்தான் ஒவ்வொருவரும் மற்றவருக்கு முன்னால் போய் நிற்கப் பார்க்கிறார்கள். இந்தச் சிக்கலை டக்ளஸ் டைமண்ட், ஃபிலிப் டிப்விக் இருவரும் 1983-இல் கணித வடிவில் விளக்கினார்கள். 2022-இல் பென் பெர்னாங்கியுடன் சேர்ந்து அவர்களுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசல்களில் மக்கள் வரிசையாக நின்றார்கள். 1866-க்குப் பிறகு அந்த நாடு காணாத காட்சி அது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கிக்கு நேர்ந்ததில் வரிசையே தேவைப்படவில்லை. கையிலிருந்த போனிலும் கணினியிலும் இருந்தே ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். மறுநாளே வங்கி மூடப்பட்டது.

நம் பக்கத்து வீட்டிலும் இது நடந்திருக்கிறது. 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது, அந்தப் பீதி மற்ற வங்கிகளுக்கும் பரவியது. அதன் விளைவாகவே நம் நாட்டில் வைப்புத்தொகைக் காப்பீடு பிறந்தது. 1962 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது ஒருவருக்கு 1,500 ரூபாய்வரை பாதுகாப்பு. 1993 முதல் ஒரு லட்சம். 2020 பிப்ரவரி முதல் ஐந்து லட்சம். ஒரே வங்கியில் எத்தனை கிளைகளில் கணக்கு வைத்திருந்தாலும் சேர்த்துத்தான் ஐந்து லட்சம் என்பதைப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

● சென்னை விமான நிலையத்தின் ரன்வேக்களுக்கு எண்கள் உண்டு: ஒன்று 07/25, மற்றொன்று 12/30. இவை வரிசை எண்கள் அல்ல, திசைகாட்டியின் பாகைகள். கடைசிச் சுழியத்தை வெட்டிவிட்டு எழுதுகிறார்கள். 07 என்றால் வடக்கிலிருந்து சுமார் 70 பாகை, ஏறத்தாழக் கிழக்கு நோக்கி. அதே பாதையில் எதிர்ப்பக்கமாக வந்தால் 180-ஐக் கூட்டி 250 பாகை, ஆகவே 25. உலகில் எந்த ரன்வேக்கும் 36-க்கு மேல் எண் கிடையாது.

பூமியின் காந்த வடதுருவம் நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்த எண்களும் மாறும். லண்டனின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05/23 ஆக இருந்தது 2009-இல் 04/22 ஆயிற்று. தார் பாதை இம்மியும் அசையவில்லை, துருவம் நகர்ந்துவிட்டது.

இன்னொன்று: சென்னையின் இரண்டாவது ரன்வே அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. மேலே விமானம் ஓடுகிறது, கீழே ஆறு ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

● கால்களில் அணியும் மெல்லிய ஸ்டாக்கிங்ஸில் ஒரு இழை அறுந்து மேலிருந்து கீழ்வரை கோடாகப் பிரிந்தால் அமெரிக்காவில் 'ரன்' என்பார்கள். பிரிட்டனில் 'லேடர்', அதாவது ஏணி. டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935-இல் உருவாக்கிய புதிய இழைக்குப் பெயர் தேடியபோது, 'நோ-ரன்' என்ற பெயரும் பரிசீலனையில் இருந்ததாக ஒரு செய்தி உண்டு. பிரியாது என்று பெயரிலேயே வாக்குக் கொடுத்துவிட்டு, பிரிந்துவிட்டால் என்ன செய்வது? எழுத்துகளை மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் 'நைலான்' என்று முடிந்ததாம். 1940 மே 15 அன்று அமெரிக்கா முழுவதும் நைலான் ஸ்டாக்கிங்ஸ் விற்பனைக்கு வந்தது. கரோதர்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1937-இலேயே இறந்துவிட்டார்.

● துவைக்கும்போது சாயம் போவதற்கும் ஆங்கிலத்தில் 'ரன்' என்று சொல்வதுண்டு. நமக்கு அது குறை. அதையே பெருமையாக விற்றது மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி. 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன இந்தத் துணி, தண்ணீர் பட்டதும் சாயத்தை விட்டது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். பிறகு விளம்பரத்தையே திருப்பிப் போட்டார்கள்: சாயம் போகும், அதற்கு உத்தரவாதம் தருகிறோம்! ஒவ்வொரு துவைப்பிலும் கட்டங்களின் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுத் தோற்றம் தந்ததால், 1960-களின் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்பது அதன் பெயர். நெசவாளியின் இயற்கைச் சாயத்தை மட்டம் தட்டாமல் மதித்த விளம்பரம் அது.

● கோயம்புத்தூரில் ஃபவுண்டரி வேலை பார்ப்பவரிடம் 'ரன்னர்' என்றால் ஓட்டப்பந்தய வீரரைச் சொல்ல மாட்டார். உருக்கிய இரும்பை அச்சுக்குள் ஊற்றும்போது அது பாய்ந்து செல்லும் கால்வாய்தான் ரன்னர். கூடவே 'ரைசர்' என்று ஒன்று இருக்கும். இரும்பு ஆறும்போது சுருங்கும் அல்லவா, அந்தக் குறையை நிரப்பக் கூடுதல் உலோகத்தைத் தேக்கி வைக்கும் இடம் அது. வார்ப்பு இறுகியபின் இரண்டையும் வெட்டி எடுத்து மறுபடி உலைக்கே அனுப்பிவிடுவார்கள்.

மேசை நடுவே நீளமாக விரிக்கும் துணியும் ரன்னர். டிராயர் இழுக்க உதவும் தண்டவாளமும் ரன்னர். தரையோடு தவழ்ந்து போய்க் கணுவில் வேர்விடும் செடித்தண்டும் ரன்னர். பள்ளித் தாவரவியலில் 'ஓடுதண்டு' என்று படித்திருப்பீர்கள், வல்லாரையை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஸ்ட்ராபெரியும் இதே வகைதான்.

1749-இல் லண்டனில் நாவலாசிரியரும் நீதிபதியுமான ஹென்றி ஃபீல்டிங் அமைத்த காவல் குழுவுக்கு 'போ ஸ்ட்ரீட் ரன்னர்ஸ்' என்று பெயர் ஏற்பட்டது. நம் நாட்டில் ரன்னர் என்றால் தபால் சுமந்து ஓடியவர். கையில் ஈட்டி, அதில் மணி. காட்டுப் பாதையில் மணியோசை கேட்டால் வழிவிட வேண்டும். திருவிதாங்கூரின் 'அஞ்சல்' சேவையிலும் மணி கட்டிய கோலுடன் ஓடினார்கள். 1951-இல் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. ஒருவர் ஓடிவந்து மற்றவரிடம் கோலைக் கொடுக்கும் ரிலே பந்தயத்தை இலங்கைத் தமிழர்கள் இன்றும் 'அஞ்சலோட்டம்' என்கிறார்கள்.

● தேர்தலில் அமெரிக்கர்கள் 'ரன்' பண்ணுகிறார்கள், அதாவது ஓடுகிறார்கள். பிரிட்டனில் 'ஸ்டாண்ட்', நிற்கிறார்கள். நாமும் நிற்கிறோம்! அமெரிக்கத் தேர்தல் பேச்சில் பாதி, குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. துணை அதிபர் வேட்பாளரான 'ரன்னிங் மேட்', ஒரே லாயத்தைச் சேர்ந்த முக்கியக் குதிரைக்கு வேகம் அமைத்துக் கொடுக்க இறக்கப்பட்ட துணைக் குதிரை. 'ஆல்சோ ரேன்' என்பது முதல் மூன்று இடங்களுக்குள் வராத குதிரைகளைப் பத்திரிகையில் போட்ட தலைப்பு. இரண்டாம் பரிசுக்காரரைக் குறிக்கும் 'ரன்னர்-அப்' மட்டும் நாய்ப் பந்தயத்திலிருந்து வந்தது. எல்லாச் சுற்றும் ஜெயித்து, கடைசிச் சுற்றில் மட்டும் தோற்ற நாயை அப்படிச் சொன்னார்கள். ஒரே ஒரு தோல்வி, அவ்வளவுதான். இரண்டாம் பரிசோடு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்.

● நாடகமோ படமோ தொடர்ந்து நடப்பதும் 'ரன்'. அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' லண்டனில் 1952 நவம்பர் 25 அன்று தொடங்கியது. 1974-இல் பக்கத்துத் திரையரங்குக்கு இடம் மாறியபோதுகூட இடைவெளி விழவில்லை. கொரோனாதான் 2020 மார்ச்சில் அதை நிறுத்தியது. 2021 மே மாதம் மீண்டும் திரை உயர்ந்தது. கொலையாளி யார் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம்.

படம் 'ஓடியது' என்று நாமும் சொல்கிறோம். அப்படி ஓடியதில் தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' பெயர் பெற்றது. 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே திரையரங்கில் வந்த படம், மூன்று தீபாவளிகளைக் கண்டது. 2002-இல் லிங்குசாமி இயக்கத்தில் மாதவன் நடித்த படத்துக்குப் பெயரே 'ரன்'. கதாநாயகன் ஓடுவதைவிடப் பலருக்கு அதில் விவேக் சாப்பிட்ட பிரியாணிதான் நினைவிருக்கும்.

● கடலில் வளர்ந்த சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காகத் தாம் பிறந்த ஆற்றுக்கே எதிர்நீச்சல் போட்டுத் திரும்புவது 'சால்மன் ரன்'. கனடாவின் ஆடம்ஸ் ஆற்றில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருங்கூட்டம் வரும்: 2010, 2014, 2018, 2022. முட்டையிட்டதும் இறந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மே முதல் ஜூலை வரை நடப்பது 'சார்டின் ரன்'. நாம் மத்தி, சாளை என்போமே, அந்த இனத்து மீன்கள் கிலோமீட்டர் கணக்கில் திரண்டு வடக்கே போகும். பின்னாலேயே டால்பின், சுறா, கடற்பறவை எல்லாம் போகும்.

● கோழிகளை உலவவிடும் வேலியிட்ட இடம் 'சிக்கன் ரன்'. ஆஸ்திரேலியாவில் 'ஷீப் ரன்' என்றால் ஆடு மேய்க்கும் பரந்த நிலம்.

● கார் ஆலைகளில் 'மில்க் ரன்' என்றால் பால் வாங்கப் போவதல்ல. ஒரே லாரி பல உதிரிபாகத் தயாரிப்பாளர்களிடம் வரிசையாகப் போய், அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஏற்றிக்கொண்டு வருவது. வீடு வீடாகப் பால் ஊற்றியவரின் வழித்தடத்திலிருந்து வந்த பெயர். இரண்டாம் உலகப் போரின் விமானிகள் ஆபத்தில்லாத எளிய பறப்புக்கு இதே பெயர் வைத்திருந்தார்கள்.

● கணினி நிரலை 'ரன்' செய்கிறோம். 1964 மே 1 அதிகாலை, அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பேசிக் மொழி முதன்முதலாக இயங்கியது. ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் இருவரும் அதைக் கணிதம் படிக்காத மாணவர்களுக்காகவே உருவாக்கினார்கள். அதனால் கட்டளைகளும் எளிய ஆங்கிலச் சொற்கள்: நிரலை எழுதிவிட்டு 'ரன்' என்று தட்டினால் போதும். ஓர் எளிய சொல்லைத் தேர்ந்தெடுத்ததால் கணினி எத்தனை லட்சம் பிள்ளைகளுக்குக் கிட்டே வந்தது!

ஃபேக்ஸ் இயந்திரத்திலும் ஒரு 'ரன்' இருந்தது. ஒரு ஏ4 தாளின் ஒவ்வொரு வரியையும் அது 1,728 புள்ளிகளாகப் பார்க்கும். வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று ஒவ்வொன்றாக அனுப்பினால் விடிந்துவிடும். அதற்குப் பதிலாக 'இத்தனை வெள்ளை, பிறகு இத்தனை கறுப்பு' என்று தொடர்ச்சியின் நீளத்தை மட்டும் அனுப்பும். அந்தத் தொடர்ச்சிக்குப் பெயர்தான் ரன். ரம்மியில் ஒரே இனத்தில் வரிசையாகச் சேரும் மூன்று நான்கு சீட்டுகளை நாம் சீக்வென்ஸ் என்போம். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் அதையும் 'ரன்' என்கிறார்கள்.

● ஓயாமல் வயிற்றால் போவதை ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'தி ரன்ஸ்' என்பார்கள். இலங்கைத் தமிழில் 'வயிற்றோட்டம்'. சளி பிடித்தால் நாம் 'ரன்னிங் நோஸ்' என்கிறோம். ஆங்கிலேயர் 'ரன்னி நோஸ்' என்பதே வழக்கம். டாக்டருக்கு இரண்டும் புரியும், கவலை வேண்டாம்.

● பின்னால் ஒட்டும் சிறு சொல்லால் 'ரன்'னின் பொருள் தலைகீழாகும். பள்ளி நண்பரை 'ரன் இன்டு' செய்தால், எதிர்பாராமல் சந்தித்தீர்கள். அதே நண்பரை 'ரன் ஓவர்' செய்தால், வண்டியை ஏற்றிவிட்டீர்கள். 'ரன் டவுன்' செய்தால் அவரைப் பற்றி இழிவாகப் பேசினீர்கள் என்றும் பொருள் வரும், மோதித் தள்ளினீர்கள் என்றும் பொருள் வரும். சர்க்கரை 'ரன் அவுட்' என்றால் டப்பா காலி. கடையில் பாக்கியை 'ரன் அப்' செய்வது கடனை ஏற்றிக்கொண்டே போவது. தையல் மிஷினில் ஒரு பாவாடையை 'ரன் அப்' செய்வது சட்டென்று தைத்து முடிப்பது. பேச்சுப் போட்டிக்கு முன் உரையை ஒருமுறை 'ரன் த்ரூ' செய்வது ஒத்திகை. இந்த ஏழெட்டை மட்டும் வாக்கியத்தோடு பழகிக்கொண்டால், அன்றாட ஆங்கிலப் பேச்சில் பாதி இடங்களில் திகைத்து நிற்க வேண்டியிருக்காது.